ஈயச்சாமியின் வெள்ளைத் துணி

வெள்ளிக்கிழமை காலையில் நாவற்றுறைக்கு வரும் முதல் பஸ் வயிறு புடைக்க வரும். எங்கள் ஊரில் எல்லாரையும் கக்கிவிட்டு வெறும் பஸ்ஸாகத் திரும்பும். இறங்குகிற சனம் முழுவதும் ஒரே ஒழுங்கையில் நடக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு பொதி. பொதிக்குள் ஈயம். பழைய பற்றரியை உடைத்தெடுத்த ஈயம், கிழிந்த வலையிலிருந்து கழற்றிய ஈயம், எங்கேயாவது கேட்டு வாங்கிய ஈயம். வெல்லாவெளியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மகனுடைய மோட்டார் சைக்கிளில் இருந்த நல்ல பற்றரியையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மகன் அன்று வேலைக்கு நடந்து போனான்.

எல்லாரும் போவது ஈயச்சாமியிடம்.

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. நாங்களும் அதைக் கேட்டு ஏதோ பட்டம் கிடைத்ததுபோலச் சிரித்துக்கொள்வோம். ஈயச்சாமி விஷயத்தில் நடந்தது தலைகீழ். வந்தவர் பாயை விரித்தார். ஊர் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் எந்த ஊர் என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார். ஆனால் வந்திறங்கிய அன்று அவர் போட்டிருந்த சேட்டில் பற்றரி அசிட் பட்ட சின்னச் சின்னப் பொத்தல்கள் இருந்தன. வானத்திலும் பற்றரிக்கடை இருக்கும்போல என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். "உனக்கு நாக்கில சனி" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் காவி உடுத்தார். காவியில் பொத்தல் தெரியாது.

அவர் வந்த நேரமும் நல்ல நேரம். அதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் எல்லார் போனிலும் ஒரு வீடியோ ஓடியது. அரிசியில் கட்மியம், கிணற்றில் ஆசனிக், மீனில் பாதரசம், குழந்தையின் இரத்தத்தில் ஈயம் என்று ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அதில் எது உண்மை, எது மிகை என்று விசாரிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. பயப்பட மட்டும் நேரம் இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, அந்தப் பயத்துக்கு நடுவே சாமி வந்து உட்கார்ந்தார்.

"கண்ணூறு எண்டா காத்து எண்டு நினைக்காதீங்க," என்று முதல் வெள்ளியே சொன்னார். "அது உடம்புக்குள்ள போய் உலோகமா உறையும். அதைத்தான் டொக்டர்மார் பார உலோகம் எண்டு சொல்றாங்க. அவங்களுக்குப் பேர் தெரியும், எடுக்கத் தெரியாது. உலோகத்தை உலோகந்தான் இழுக்கும்."

அதிபர் தலையாட்டினார். "விஞ்ஞானபூர்வமா இரிக்கி," என்றார். முப்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்தவர். அவருக்கே சரியென்று பட்டால் எங்களுக்குப் படாமல் இருக்குமா?

சடங்கு இப்படித்தான். நோயாளியை ஒரு முக்காலியில் இருத்தி, உச்சி முதல் பாதம் வரை வெள்ளைத் துணியால் மூட வேண்டும். நோயாளி வாய் திறக்கக் கூடாது. சாமியும் நோயாளியைப் பார்க்க மாட்டார். பார்த்தால் கண்ணூறு அவர்மேல் தாவிவிடுமாம். சொந்தக்காரர் இரண்டு பேர் பித்தளைத் தாம்பாளத்தில் வாவித் தண்ணீர் எடுத்து மூடிய தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். சாமி உருகிய ஈயத்தை அகப்பையால் அள்ளி அதில் ஊற்றுவார். சோவென்று ஒரு சத்தம், ஒரு புகை. ஈயம் தண்ணீரில் விழுந்து கொம்பும் முள்ளுமாக இறுகும். அதைத் தூக்கிப் பார்த்து, யார் கண், எந்தப் பக்கத்து வீடு, என்ன வருத்தம் எல்லாம் சாமி சொல்லிவிடுவார். உருகிய ஈயத்தைத் தண்ணீரில் ஊற்றினால் யார் வீட்டிலும் கொம்பும் முள்ளுமாகத்தான் வரும். அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஈயத்தில் ஒரு துண்டு வெட்டி, சிவப்பு நூலில் கோத்து நோயாளியின் கழுத்தில் கட்டுவார். தாம்பாளத்துத் தண்ணீரைப் போத்தலில் விட்டுக் கொடுப்பார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மிச்ச ஈயம் முழுவதும் அவருடைய அறைக்குள் போகும். கண்ணூறு ஏறிய ஈயம் வீட்டில் இருந்தால் குடும்பத்தை அழிக்கும். அமாவாசைக்கு அமாவாசை அதை நடு வாவியில் போட்டுவிடுவதாகச் சொன்னார். எவ்வளவு பெரிய மனது பாருங்கள், ஊரின் அழிவையெல்லாம் தன் அறையில் பூட்டி வைத்திருந்தார்.

ஆளைப் பார்க்காமலே வருத்தம் சொல்கிறாரே, அது எப்படி என்றுதான் எல்லாருக்கும் மலைப்பு. வாசலில் கேதீஸ்வரி என்ற அம்மா இருப்பார். சாமியோடு வந்தவர். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார், முதுகைத் தடவுவார், கண்கலங்குவார். "ஐயோ மகள், எத்தின நாளா? பக்கத்து வீட்டில ஆரு? அவங்களோட சண்டையோ?" சனம் வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டும். பிறகு கேதீஸ்வரி ஈயப் பொதியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். ஈயம் உருகி முடிவதற்குள் கதை சாமியின் காதில் ஊற்றப்பட்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு முன் தான் சொன்னதையே திரும்பக் கேட்டு, "அப்பிடியே சொல்றாரே!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இனி யதுஷாவின் கதைக்கு வருகிறேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

யதுஷா பிரதீசின் மகள். ஏழு வயது. பிரதீஸ் வாவியில் வீச்சுவலை வீசுகிறவன். பொழுது சாயும் நேரத்தில் தகப்பனும் மகளும் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவார்கள். வலையின் விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்குண்டுகள் வரிசையாக இருக்க வேண்டும். அப்போதுதான் வலை தண்ணீரில் தாழும். குண்டின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். அதில் கயிற்றை நுழைத்து, பல்லால் கடித்து இறுக்குவது எங்கள் ஊர் வழக்கம். குறடு இல்லாத வீடு உண்டு, பல் இல்லாத வீடு இல்லையே. யதுஷாவும் கடிப்பாள். "என்ட புள்ளட பல்லு குறட்டை விட நல்லது," என்று பிரதீஸ் பெருமைப்படுவான்.

அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தது. சோறு வேண்டாம் என்றது. மூஞ்சி வெளிறியது. சின்னதுக்கெல்லாம் கத்தி அழுதது. முதலாம் வகுப்பிலேயே வாய்பாடு சொன்ன பிள்ளை மூன்றாம் வகுப்பில் தன் பெயரை எழுத யோசித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த டொக்டர் மேர்லின், "உடனே ரவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் இரத்தம் பாருங்க," என்று தாயிடம் சொன்னார். தாய் வதனி பிள்ளையை ஈயச்சாமியிடம் கொண்டுபோனாள்.

"ஆஸ்பத்திரி ஊசி பட்டா கண்ணூறு நெஞ்சுக்கு ஏறிரும்," என்றார் சாமி. "மூணு ஊத்து ஊத்தோணும். அதுக்கு முந்தி ஊசி பட்டா நான் பொறுப்பில்ல."

முதல் ஊற்றில் ஒரு கண் தெரிந்தது. இரண்டாவது ஊற்றில் ஈயம் நீட்டாக ஒரு முள் விட்டது. சாமி அதைத் தூக்கிப் பிடித்து, "ஊசி வைச்சிரிக்கிற ஒரு பொம்பிள. மேற்கே சிலுவை தெரியுது," என்றார்.

பக்கத்து வீட்டில் செசீலியா தையல் தைக்கிறாள். வீட்டு வாசலில் சிலுவை. வேறு சாட்சி என்னத்துக்கு? அன்று பின்னேரமே வேலியில் ஆள் நுழைந்து போகும் பொட்டு அடைபட்டது. அதுவரைக்கும் யதுஷா பாதிநாள் செசீலியா வீட்டில்தான் கிடப்பாள். வெட்டுத்துண்டுத் துணியில் பாவைக்குச் சட்டை தைப்பாள்.

செசீலியா தன் வளவிலேயே வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "என்னகா வதனி, என்னத்துக்கு வேலிய அடைச்சாய்? பிள்ளைக்குப் பாவாடை தைச்சு வைச்சிரிக்கன்."

"உங்கட பாவாடையும் வேணாம், பார்வையும் வேணாம்!" வதனியின் குரல் உடைந்தது. "பெத்துப் பாத்தாத் தெரியும் வலி. பிள்ளை இல்லாத வயித்தெரிச்சல்ல என்ட புள்ளையில கண் வைச்சிட்டீங்களே!"

செசீலியாவுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல்லை அவள் முகத்துக்கு நேரே அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. உள்ளே போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். யதுஷா வாசலில் சுருண்டு படுத்திருந்தாள். கழுத்து நூலில் தொங்கிய ஈயத்துண்டை மிட்டாய் சூப்புவதுபோல வாயில் போட்டுச் சூப்பிக்கொண்டிருந்தாள். முந்தியைவிட இன்னும் மெலிந்திருந்தாள். செசீலியாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

செசீலியா நாத்திகம் பேசுகிறவள் அல்ல. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள். ஆனால் தையற்காரி. துணிக்குள் என்ன இருக்கிறது என்று அளக்காமல் கத்திரிக்கோல் வைத்ததில்லை. ஆளைப் பார்க்காமல் அளவு சொல்கிற சாமியை அவளால் பொறுக்க முடியவில்லை. ஓட்டோ ஓடுகிற தம்பி அன்ரோவைக் கூப்பிட்டாள்.

யதுஷாவுக்கு மூன்றாவது ஊற்று ஊற்றவிருந்த வெள்ளிக்கிழமை. முற்றம் நிறையச் சனம். மண்டூரிலிருந்து வந்த பெண்கள் ஒரு பக்கம், அதிபர் ஒரு பக்கம். வதனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பிரதீஸ் பின்னால் நின்றான். அந்த நேரம் அன்ரோவின் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து செசீலியாவும் அன்ரோவும் வெள்ளைத் துணியால் மூடிய ஒன்றைத் தாங்கித் தாங்கி இறக்கினார்கள்.

கூட்டம் சலசலத்தது. கண் வைத்தவளே வந்துவிட்டாள்! வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேதீஸ்வரி தேத்தண்ணியோடு ஓடி வந்தார்.

"வா மகள், வா. ஆரு இது?"

"எங்கட வீட்டில இரிக்கிறது அம்மா. பேர் சொல்லப்படாது எண்டு சொன்னாங்க."

"ஓம், சொல்லப்படாது. நடக்க ஏலாதோ?"

"ஒரு நாளும் நடந்ததில்ல."

"ஐயோ. சாப்பாடு?"

"ஒண்டும் சாப்பிடாது."

"கதைக்குமா?"

"ஒரு சத்தமும் இல்ல அம்மா. வைச்ச இடத்தில இரிக்கும்."

கேதீஸ்வரியின் கண் கலங்கியது. "பக்கத்தில ஆரு?"

"கிழக்கால வதனி. மேற்கால..." செசீலியா குரலைத் தாழ்த்தினாள். "மேற்கால பெரிய இடம் அம்மா. எங்கட வீட்டையே பாத்துக்கொண்டிரிக்கும். எனக்குப் பயம்."

கேதீஸ்வரி ஈயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே பறந்தார். கொஞ்ச நேரத்தில் சாமியே வெளியே வந்து, "இண்டைக்கு முதல் ஊத்து இந்த மகளுக்குத்தான்," என்றார். கண் வைத்தவளே காலடிக்கு வந்திருக்கிறாள். அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? முக்காலியைச் சரியாக முற்றத்து நடுவில் போடச் சொன்னார்.

செசீலியாவும் அன்ரோவும் மூடியதை முக்காலியில் இருத்திவிட்டுத் தாம்பாளத்தைப் பிடித்தார்கள். சாமி கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். சோவென்றது. புகை போனதும் ஈயத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேற்குப் பக்கத்து வீடு," என்றார். "வசதியான பொம்பிள. நெட்டை. அவட பார்வைதான்."

"ஓ!" என்றது கூட்டம்.

"வருத்தம் என்ன சாமி?" என்று செசீலியா பணிவாகக் கேட்டாள்.

"வயிறு முழுக்க வாயு. கால் ரெண்டிலயும் நரம்பு இழுத்து இரிக்கி. ராவைக்குப் பல்லக் கடிக்கும். கண்ணூறு எலும்பு மட்டும் போயிற்றுது மகள். நல்ல வேளை இண்டைக்குக் கொண்டு வந்தாய். நாளைக்கெண்டா உயிர் இராது."

"இப்ப உயிர் இரிக்கா சாமி?"

"இரிக்கி. நான் பிடிச்சு வைச்சிரிக்கன். உள்ளுக்குள்ள அது அழுறது உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது."

செசீலியா தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டுத் துணியை ஒரே இழுவையில் இழுத்தாள்.

முக்காலியில் ஓர் உமி மூட்டை இருந்தது. அதன் மேலே, சேலைத்துண்டால் இறுக்கிக் கட்டப்பட்டு, ஒரு நீத்துப்பூசணிக்காய் இருந்தது. நல்ல முற்றல் காய். சாம்பல் பூத்திருந்தது. அழுததாகத் தெரியவில்லை.

மூட்டையின் ஒரு மூலையிலிருந்து உமி மெல்லக் கொட்டிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி கையில் இருந்த தேத்தண்ணியைத் தானே குடித்தார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்ல," என்றாள் செசீலியா. "நடக்காது எண்டன். சாப்பிடாது எண்டன். வாசல்ல நான் சொன்னதுதான் உள்ளுக்குப் போய்ச் சாமிட வாயால வந்திரிக்கி. நான் சொல்லாததுல அவர் சொந்தமாச் சொன்ன ரெண்டைக் கேளுங்க. ஒண்டு கால். மற்றது பல்லு. இதில காலும் பல்லும் எங்க இரிக்கி எண்டு ஆராவது வந்து காட்டுங்க பாப்பம்."

பின்னாலிருந்து பிரதீஸ் மெதுவாகச் சொன்னான். "அக்கா வீட்டுக்கு மேற்கால வீடே இல்லையே. வாவிதான்."

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். எங்கள் சனத்தை நான் அவ்வளவு குறைவாக மதித்திருக்கக் கூடாது.

மண்டூர்ப் பெண் ஒருத்தி எழும்பினாள். "நீத்துப்பூசணி கண்ணூறு இழுக்கிற காய்தானே? அதில இரிந்த கண்ணூறைத்தான் சாமி கண்டிரிக்கார்!"

"தாவரத்துக்கும் உயிர் உண்டு," என்றார் அதிபர். "விஞ்ஞானத்தில நிரூபிச்சது."

சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதைத்தான் நானும் சொன்னன்!" என்றார். "பூசணிக்கே சொல்றன் எண்டா மனிசருக்குச் சொல்ல மாட்டனா?"

நாலைந்து பேர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்காக வேலியே எழும்பி நின்று சாட்சி சொன்னது. வதனி மட்டும் கும்பிடவில்லை. அவள் பூசணிக்காயையும் மடியிலிருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒழுங்கையில் ஒரு சின்ன லொறி ஹோர்ன் அடித்தது. ஏறாவூரில் வலைச்சாமான் கடை வைத்திருக்கும் நளீர் நானா இறங்கி, நேரே படலையைத் திறந்துகொண்டு வந்தார். கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக அவர் வருவது சனம் போன பிறகு. அன்று கல்முனையில் ஒரு கலியாண வீடு இருந்தபடியால் வேளைக்கே வந்துவிட்டார்.

"சாமி! இந்தக் கிழம எத்தின மூட்ட?"

சாமி கண்ணைக் காட்டினார். நளீர் நானாவுக்குக் கண்ணாடி இல்லாமல் அதெல்லாம் தெரியாது. "என்ன, இன்னும் வார்க்கல்லயா? போன கிழம தந்த ஈயக்குண்டு அவ்வளவும் முடிஞ்சிட்டு. உங்கட ஈயம் நல்ல ஈயம் எண்டு எல்லாரும் கேக்காங்க."

பிரதீஸ் முன்னால் வந்தான். "நானா, நான் உங்கட கடையில வாங்கின ஈயக்குண்டு..."

"இஞ்ச வார்த்ததுதான் தம்பி. ஏன், ஏதும் பழுதா?"

பிரதீஸ் சாமியின் அறைக் கதவைக் காலால் உதைத்தான். உள்ளே அச்சு இருந்தது, உலை இருந்தது, வெட்டு வைத்து வார்த்த ஈயக்குண்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. அமாவாசைக்கு அமாவாசை நடு வாவிக்குப் போன கண்ணூறு முழுவதும் எடை பார்த்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"வாவியில போடுவன் எண்டுதானே சொன்னன்?" என்றார் சாமி. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "வலையில கட்டினா அது வாவிக்குத்தானே போகுது?"

யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னதில் உண்மையான பேச்சு இது ஒன்றுதான்.

இப்போதுதான் சனம் கொதித்தது. ஏமாந்தோம் என்றா? அதுதான் இல்லை. "ஊரார் கண்ணூறெல்லாம் எங்கட வலையிலயா கட்டி வைச்சிரிக்கீங்க?" என்று மீன்பிடிக்கிறவர்கள் பாய்ந்தார்கள். "அதுதான் இறால் படுதில்ல!" என்றான் ஒருவன். பூசணிக்காய் அவிழ்க்காத முடிச்சைக் கண்ணூறு அவிழ்த்தது. சாமியின் காவி கிழிந்தது. உள்ளே அதே பழைய சேட்டு, அதே பொத்தல்கள். பற்றரிக்கடை என்று நான் சொன்னபோது நாக்கில் சனி என்றவர்கள் இப்போது அதை எனக்கே சொன்னார்கள்.

நளீர் நானா தலையில் கைவைத்தார். "அல்லாவே, பழைய ஈயம் வாங்கி வார்க்கிறன் எண்டுதானே எனக்குச் சொன்னார்!"

இந்தக் கூச்சலுக்கு நடுவே வதனி பிள்ளையின் கழுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். செசீலியாவின் கையைப் பிடித்தாள். "செசீலியாக்கா, நான் சொன்ன சொல்லுக்கு..."

"அதெல்லாம் மறுகா கதைப்பம்," என்றாள் செசீலியா. "ஓட்டோ நிக்குது. புள்ளயத் தூக்கு."

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். ஊசி பட்டது, நெஞ்சுக்கு ஒன்றும் ஏறவில்லை. முடிவு வந்த அன்று அங்குள்ள டொக்டர், பிரதீசையும் வதனியையும் உட்காரவைத்து, "பிள்ளையிட இரத்தத்தில ஈயம் கூடுதலா இரிக்கி. வீட்டில ஈயம் எங்கயாவது புழங்குதா?" என்று கேட்டார்.

வதனி தண்ணிப் போத்தலைச் சொன்னாள். கழுத்தில் கட்டிய துண்டைச் சொன்னாள்.

"அது பிறகு வந்தது," என்றார் டொக்டர். "அதால கூடியிருக்கு. ஆனா வருத்தம் அதுக்கு முந்தியே இருந்ததே. முந்தி என்ன?"

பிரதீஸ் தன் கையைப் பார்த்தபடி சொன்னான். "வலைக்குண்டு கடிச்சு இறுக்கிறது டொக்டர். என்னோட இரிந்து அவவும் கடிப்பா."

"பல்லாலயா?"

"எங்கட அப்பாவும் பல்லாலதான்..." அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. என் பிள்ளைக்கு நானே ஊட்டினேனே, நானே ஊட்டினேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

டொக்டர் அவனைத் திட்டவில்லை. ஈயத்துக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, வளர்கிற மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும், உள்ளே போவதை நிறுத்துவதுதான் முதல் மருந்து என்று விளங்கப்படுத்தினார். முதல் வெள்ளி சாமி சொன்னதிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. உடம்புக்குள் உலோகம் இருந்தது. மிச்சப் பாதியை அவர்தான் ஊற்றினார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று துறையடியில் திருவிழாக் கூட்டம். சாமி ஏமாற்றிய காரியத்தைச் சனம் தானே செய்துகொண்டிருந்தது. வலை வலையாக ஈயக்குண்டைக் கழற்றி, தலையைச் சுற்றி, வாவிக்குள் எறிந்தார்கள். கண்ணூறு கழிகிறதாம். அதிபர் முன்னின்று நடத்தினார்.

பிரதீஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். காலால் துழாவித் துழாவிக் குண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டான்.

"டேய், என்னத்துக்குடா கண்ணூறைப் பொறுக்கிறாய்?" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நாளைக்கு இந்தத் தண்ணியில மீன் பிடிச்சுத்தானேடா உன்ட புள்ளக்கு ஆக்கிக் குடுக்கப் போறாய்?" என்றான் பிரதீஸ். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "இது கண்ணூறு இல்லடா. ஈயம்! கழிச்சாப் போகாது. போட்ட இடத்தில கிடக்கும்."

இரண்டு மூன்று பேர் இறங்கி அவனோடு பொறுக்கினார்கள். மற்றவர்கள் கரையில் நின்று, ஆஸ்பத்திரியில் அவனுக்கு யாரோ ஏதோ ஓதிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

யதுஷா இப்போது சோறு தின்கிறாள். மாதத்துக்கு மாதம் இரத்தம் பார்க்கிறார்கள், ஈயம் குறைகிறது. படிப்பில் போனது எவ்வளவு திரும்பும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. வேலியில் பொட்டு மறுபடி திறந்திருக்கிறது. பிரதீசின் வலையில் ஈயத்துக்குப் பதிலாக மெல்லிய இரும்புச் சங்கிலி ஓடுகிறது. பழைய வலைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கும்போது அவர்களுடைய பல்லைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாமியும் கேதீஸ்வரியும் காவி கிழிந்த அன்றே, வெறும் பஸ்ஸாகத் திரும்பும் அந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சாமி இப்போது வேறொரு கரையில் செம்பு உருக்கி ஊற்றுகிறாராம். உடம்பிலிருக்கும் ஈயத்தைச் செம்பு இழுக்குமாம். போன கிழமை எங்கள் ஊரிலிருந்தே சிலர் பொதியோடு பஸ் ஏறினார்கள். அதிபருக்கு முன் சீட்.

நான் யாரையும் மறிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். போங்கள், ஐயாமாரே, அம்மாமாரே, தாராளமாகப் போங்கள். ஆனால் முக்காலியில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணியைப் போட்டதும், கையை உயர்த்தி மெதுவாக உங்கள் தலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருக்கிறதா, பூசணிக்காய்தான் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.